மேக்ஸ் கொடுத்த வாக்கு

அன்புள்ள ஐயா,

ஒன்பது வயது மகனோடு போக்கிமான் என்ற ஜப்பானிய கார்ட்டூனின் (அனிமே) பழைய சீசன்களைப் பார்த்து வருகிறேன். போக்கிமான் என்னும் விசித்திரப் பிராணிகளைப் பழக்கி மோதவிடும் பையன்களின் கதை. நாயகன் ஆஷ் மட்டும்தான் வளர்கிறான். கூட வரும் நண்பர்களில் புரோக் பெண்களைக் கண்டால் வழிவதோடு சரி. மிஸ்டி பாதியில் விலகிப் போகிறாள். குழந்தைகள் தொடர் என்பதால் இந்த அலட்சியமா? இதை அவன் பார்க்கலாமா? 'கார்ட்டூன்தானே, விடு' என்கிறார் கணவர். எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகப் பார்க்கட்டும். மிஸ்டிக்காக நான் வருத்தப்படுவதில்லை, அவளுக்கு நடத்த செருலியன் ஜிம் என்ற போக்கிமான் போட்டிக்கூடம் இருக்கிறது. புரோக்கும் 2010இல் போக்கிமான் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டான். ஆஷ் வளர்கிறான் என்கிறீர்களே, அதுதான் வேடிக்கை. 1997இல் கிளம்பிய பையன் 2022இல் உலக சாம்பியன் ஆனபோதும் வயது ஏறாத அதே பையன்தான். சரி, அவனை விடுங்கள்.

நீங்கள் ஒரு வரிகூட எழுதாத மேக்ஸ்தான் என்னை உறுத்துகிறான். 2002 முதல் 2006 வரை வந்த தொடரில் ஆஷோடு பயணம் செய்யும் மே என்ற பெண்ணின் தம்பி, கண்ணாடி போட்ட பொடியன். எந்தப் போக்கிமானைப் பற்றிக் கேட்டாலும் ஒப்பிப்பான். போக்கிமான் பழக்கும் டிரெய்னர் ஆக வயது போதாததால் சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. ஒரு எபிசோடில் உடம்பு சரியில்லாத ரால்ட்ஸ் என்ற போக்கிமான் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான். பிரியும்போது, டிரெய்னர் ஆனதும் உன்னைத் தேடி வருவேன் என்று அதனிடம் வாக்குக் கொடுக்கிறான்.

அவன் போனதாக நமக்குக் காட்டவே இல்லை. மேக்ஸ் இந்தத் தொடருக்கு மூலமான வீடியோ கேமில் இல்லாதவன், அனிமேவுக்காக உருவாக்கிய பாத்திரம். அடுத்த கேம் வந்ததும் அதன் நாயகி டான் உள்ளே வந்தாள், இவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வாலஸ் கோப்பை என்ற போட்டிக்கு மே திரும்பி வந்தாள். தம்பியைக் கூட்டி வரவில்லை.

எங்கள் தெருக் கிரிக்கெட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி. பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துத் தருவது என் வேலை. 'முழுப் பரீட்சை லீவுக்கு உனக்கு பேட்டிங்டா' என்று அண்ணன் சொன்னான். லீவு வந்தது, அண்ணன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு இப்போது அது நினைவில்கூட இல்லை. எனக்கு அந்த பேட்டின் கைப்பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் வரை ஞாபகம் இருக்கிறது. பொடியன்களிடம் கொடுத்த வாக்கு எங்கே போகப்போகிறது என்கிற தைரியம் அண்ணன்களுக்கும் உண்டு, கதை எழுதுகிறவர்களுக்கும் உண்டு.

நேரம் இல்லை, பாத்திரங்கள் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013இல் தொடங்கிய எக்ஸ்.ஒய். தொடரில் பானிக்கும் இதே நிலைதான். அவளும் வயது போதாத தங்கை. ஆனால் அண்ணன் கிளமான்ட் அவளுக்காக டெடென்னே என்ற போக்கிமானைப் பிடித்துக் கொடுக்கிறான். அவள் பையில் தூக்கித் திரிந்த ஸ்க்விஷி என்ற பச்சைக் குட்டி, பிறகு பார்த்தால் ஸைகார்ட் என்ற பெரும் சக்தி வாய்ந்த போக்கிமான். டீம் ஃப்ளேர் என்ற வில்லன் கும்பல் அதைப் பிடித்து ஆட்டிவைக்கும்போது அதன் மனதைத் தொடுவது அந்தச் சின்னப் பெண்ணின் பாட்டு. மனம் இருந்தால் செய்ய முடிகிறது, பாருங்கள்.

'கார்ட்டூன்தானே' என்று உங்கள் கணவர் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் ஏன் தலையாட்டுகிறீர்கள், அம்மா? அந்தச் சொல்லை நம்பித்தானே மேக்ஸை அவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்? ரால்ட்ஸ் வரும் எபிசோடை உங்கள் மகன் தனியாகப் பார்க்க வேண்டாம், நீங்களும் பக்கத்தில் இருங்கள். மேக்ஸ் எப்போது திரும்பப் போவான் என்று கட்டாயம் கேட்பான். போகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அடுத்து எக்ஸ்.ஒய். போடுங்கள்.