லினக்ஸில் பழைய விண்டோஸ் புரோகிராம்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

விண்டோஸை விட்டு வந்து வருடக்கணக்கான பிறகும், ஒரே ஒரு பழைய புரோகிராமுக்காக மூலையில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வைத்திருந்தவன்தான். அதை ஒருவழியாகத் தூக்கிப் போடுவதற்குள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருளைப் போட்டால் உள்ளே விண்டோஸ் ஓடுகிறது என்று அர்த்தமா? எல்லாப் புரோகிராமும் ஓடுமா?

இரண்டுக்குமே பதில், "இல்லை" என்பதுதான். "வைன் ஈஸ் நாட் ஆன் எமுலேட்டர்" என்று அதன் பெயருக்கே விளக்கம் வைத்திருக்கிறார்கள். உங்கள் புரோகிராம் "இந்த ஃபைலைத் திற, இங்கே ஒரு பட்டன் வரை" என்று விண்டோஸிடம் கேட்பதை வைன் நடுவில் நின்று வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 1993ல் ஆரம்பித்த வேலை, 1.0 பதிப்பு வெளிவந்ததே 2008ல்தான். விண்டோஸின் உள் சங்கதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுவது என்றால் சும்மாவா? என் அனுபவத்தில் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துச் சாதாரண அலுவலகப் புரோகிராம்கள் பெரும்பாலும் ஓடிவிடும். தனக்கென்று டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) கொண்டுவரும் ஜாதிதான் மக்கர் பண்ணும்.

கேள்வி: இன்ஸ்டாலரை டபுள் கிளிக் செய்தால் ஒரு நொடி சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மவுஸை விடுங்கள், டெர்மினலைத் திறங்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், வைன் கட்டளைக்குப் பக்கத்தில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். மளமளவென்று வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். "ஃபிக்ஸ்மீ" என்று தொடங்கும் வரிகள் வைன் எழுதுபவர்கள் தங்களுக்கே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள், அவற்றைத் தாண்டிப் போங்கள். "எர்ர்" என்று தொடங்கும் வரிகளில் முதலில் வருவதைப் படியுங்கள். முக்கால்வாசி நேரம் அது ஏதோ ஒரு டிஎல்எல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கும். எம்எஃப்சி42 என்றோ எம்எஸ்விபிவிஎம்60 என்றோ பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, விஷுவல் பேசிக் 6ல் எழுதிய புரோகிராம்களுக்கு வேண்டியது. வைன்ட்ரிக்ஸ் என்ற கருவியில் இரண்டுமே பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்தால் போட்டுவிடும். ஊர் பேர் தெரியாத தளத்தில் டிஎல்எல்லைத் தனியாக இறக்கிப் போடாதீர்கள். வைன் ஒன்றும் கூண்டு இல்லை, இசட் டிரைவ் வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுதும் அதற்குத் தெரியும்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு புரோகிராமுக்கு ஒரு பிரிஃபிக்ஸ். பிரிஃபிக்ஸ் என்பது வைன் தன் சி டிரைவையும் ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸ் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) வைத்துக்கொள்ளும் ஃபோல்டர். நான் சோம்பேறித்தனத்தில் எல்லாவற்றையும் ஒரே பிரிஃபிக்ஸில் கொட்டி வைத்திருந்தேன். ஒரு விளையாட்டுக்காக வைன்ட்ரிக்ஸில் எதையோ போட, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணக்குப் புரோகிராம் படுத்துவிட்டது. எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

கேள்வி: டிஸ்கில் 400 ஜிபி காலியாக இருக்கிறது. 30 எம்பி கேட்கும் இன்ஸ்டாலர் "இடம் போதவில்லை" என்கிறது. என்ன கிண்டலா இது?

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. அந்த இன்ஸ்டாலரை எழுதியவர், காலி இடத்தை பைட் கணக்கில் 32 பிட் எண்ணாக எடுத்து வைத்திருக்கிறார். கூட்டல் கழித்தல் குறியோடு வரும் 32 பிட் எண் 2,147,483,647 வரைதான் போகும், அதாவது 2 ஜிபி. அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி வந்து நிற்பது போல எண் எங்கேயாவது போய் நிற்கும், பல நேரம் மைனஸில். மைனஸ் இடத்தில் 30 எம்பி எப்படிப் பிடிக்கும்? வைனின் அமைப்புத் திரையில் அந்த பிரிஃபிக்ஸுக்கு மட்டும் விண்டோஸ் 98 என்று பதிப்பை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பழைய விண்டோஸ் வேஷத்தில் இருக்கும்போது காலி இடத்தை வைன் குறைத்தே சொல்லும், இன்ஸ்டாலரும் சமாதானமாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் 1 ஜிபி அளவில் ஒரு சின்ன பார்ட்டிஷனை வைனுக்கு டி டிரைவாகக் காட்டி அதில் போடுங்கள்.

கேள்வி: "உனக்குச் சொந்தமில்லை" என்று சொல்லி வைன் திறக்கவே மாட்டேன் என்கிறது.

என்றைக்காவது சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு வைனை ஓட்டியிருப்பீர்கள், நீங்கள் இல்லையென்றால் வீட்டில் வேறு யாராவது. வைனின் பிரிஃபிக்ஸ் ஃபோல்டர் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்குப் போய்விட்டது. உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், இனி வைனுக்கு சூடோ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்தேன். வைனில் புரோகிராம் அழகாகத் திறக்கிறது, ஆனால் 2009க்குப் பிறகு போட்ட பதிவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை, அந்தப் பழைய டிஸ்கை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அந்த வருடம் எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்கோ 7க்கோ மாறினீர்களா? மாறியிருந்தால் விஷயம் இதுதான். பழைய புரோகிராம்கள் தம் தகவலையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. ஆனால் "முடியாது" என்று சொன்னால் பழைய புரோகிராம்கள் விழுந்துவிடுமே என்று, விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த ஃபைல்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டது. புரோகிராமுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பழைய டிஸ்கில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால்தான் நகலெடுக்கும்போது பலர் தவறவிடுகிறார்கள். உள்ளே புரோகிராம் ஃபைல்ஸ் போலவே இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதிலுள்ள ஃபைல்களின் தேதியைப் பாருங்கள். புதியவை அவைதான். முதலில் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் வைனின் சி டிரைவில் உரிய இடத்தில் போடுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம் ஒன்று "ரன்டைம் எரர் 200" என்று சொல்லி நின்றுவிடுகிறது. பூஜ்யத்தால் வகுத்ததாம்.

யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. டர்போ பாஸ்கல் என்ற அந்தக் காலத்துப் புரோகிராமிங் கருவியில் எழுதியது அது. புரோகிராம் கிளம்பும்போதே, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஏறக்குறைய 55 மில்லிசெகண்டில், கம்ப்யூட்டர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் சிப்கள் வந்தபோதே அடங்காமல் போய்விட்டது, அந்த வழிதலைத்தான் பூஜ்ய வகுத்தல் என்று காட்டுகிறது. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில், வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸை 3000 என்று குறைத்து வைத்துவிட்டு அப்புறம் புரோகிராமைக் கிளப்புங்கள். கிளம்பிய பிறகு கன்ட்ரோலோடு எஃப்12 அழுத்தி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் மூல டாஸ்பாக்ஸ் உதவாது, டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுங்கள்.

கேள்வி: தவணை கணக்குப் போடும் விபி (விஷுவல் பேசிக்) புரோகிராம். கடைசித் தவணை வருடம் 30 என்று அடித்தால் 1930 என்று எடுத்துக்கொள்கிறது. வைனில் கோளாறா?

வைன் பாவம், அதன் மேல் பழி இல்லை. இரண்டு இலக்க வருடத்தில் 00 முதல் 29 வரை 2000த்தைச் சேர்ந்தது, 30 முதல் 99 வரை 1900த்தைச் சேர்ந்தது என்று அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. நான்கு இலக்கமாக 2030 என்று அடித்துப் பாருங்கள். கட்டம் இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காது என்றால் அந்தப் புரோகிராமுக்கு முடிவு நெருங்கிவிட்டது, தகவலை சிஎஸ்வியாக (எந்த அட்டவணைப் புரோகிராமும் படிக்கும் சாதாரண எழுத்து ஃபைல்) வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: மேக்கில் இதெல்லாம் செல்லுமா?

பிரிஃபிக்ஸ், டிஎல்எல் சமாசாரம் எல்லாம் அதேதான். ஆனால் 2019ல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக் 32 பிட் புரோகிராம்களைக் கைவிட்டுவிட்டது, பழைய விண்டோஸ் புரோகிராம்களோ பெரும்பாலும் 32 பிட். வைனை வைத்தே செய்த கிராஸ்ஓவர் என்ற மென்பொருள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும் புரோகிராம். வைனில் டாங்கிளே தெரியவில்லை.

வைனில் மல்லுக்கட்டாதீர்கள், டிரைவர் வேண்டியிருக்கும் இடம் இது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் உங்களிடம் இருக்கும் பழைய விண்டோஸைப் போட்டு, டாங்கிளை அதற்குள் அனுப்பிவிடுங்கள். எக்ஸ்பி என்றால் நெட்வொர்க் கார்டை அணைத்து வையுங்கள், 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது. ஃபைல்களைப் பரிமாற ஷேர்டு ஃபோல்டர் போதும்.

கேள்வி: 400 ஜிபி ஆள் மறுபடி வந்திருக்கிறேன். 98 என்று மாற்றியதும் இன்ஸ்டால் ஆகிவிட்டது! ஆனால் எஃப்1 அழுத்தினால் உதவிப் பக்கம் வரவில்லை.

எச்எல்பி என்று முடியும் பழைய விண்டோஸ் உதவி ஃபைலாக இருந்தால் அதைத் திறக்க வைனிடமே ஒன்று இருக்கிறது. ஃபைல்தான் இடத்தில் இருக்காது. சிடியில் தேடி, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே கொண்டுவந்து போட்டுப் பாருங்கள்.