கோளாறு கீசரிலா, மாட்டியதிலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புது 25 லிட்டர் கீசர் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் அடியிலுள்ள வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. “டம்மி போட்டு அடைத்துவிடலாம்” என்கிறார் பிளம்பர். அடைக்கலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: அடைக்கவே கூடாது. சூடேறும்போது சொட்டுவதுதான் அந்த வால்வின் வேலை. மல்டி ஃபங்ஷன் வால்வு என்று பெயர். உள்ளே போன தண்ணீரை இது திரும்ப விடாது. அழுத்தம் அளவு மீறினால் வெளியே விடும். பெரும்பாலான மாடல்களில் அந்த அளவு 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது 300 மில்லிக்குமேல் பெருகும். குழாய்கள் மூடியிருக்கின்றன, மேல் டேங்குக்கும் திரும்ப வழியில்லை. அந்த ஒரு டம்ளர் தண்ணீர் வேறெங்கே போகும்? வால்வை அடைத்து வைத்த வீட்டில் ஒருநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தொட்டியே வெடிக்கும்.

வால்வின் வாயில் ஒரு சிறு டியூபை மாட்டி, மடங்காமல் கீழ்நோக்கி இறக்கி, தரையிலுள்ள வடிகால்வரை கொண்டு போங்கள். டியூபின் முனை திறந்தே இருக்கட்டும்.

கீசரை அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால்தான் கவனிக்க வேண்டும். வால்வு மூடிக்கொள்ளும் இடத்தில் மணலோ பிளாஸ்டிக் துருவலோ சிக்கியிருக்கலாம். புது வீடுகளில் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் அறுத்த தூள் அப்படியே லைனில் கிடக்கும். கீசரை இணைக்கும் முன் லைனைத் திறந்துவிட்டுக் கழுவும் பிளம்பர்கள் குறைவு. தண்ணீர் ஆறியிருக்கும்போது வால்விலுள்ள சிறு நெம்புகோலைச் சில விநாடி தூக்கிவிட்டால் பெரும்பாலும் தூசி போய்விடும். அதற்கும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளம் என்றால் வரும் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் வீதம் கூடும். அதற்குமேல் பிரஷர் பம்பும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அங்கே கீசருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு 3 பார் அளவில் வைத்தால் போதும்.

கேள்வி: எங்களுக்குப் போர் தண்ணீர்தான். இரண்டு வருடத்தில் இரண்டு காயில் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) போய்விட்டது. கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கம்பெனியை மாற்றினாலும் தண்ணீர் அதேதானே. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் தண்ணீர் 600-ஐத் தாண்டினால் எந்தக் காயிலும் தாங்காது.

உப்பு படிந்த காயிலின் சூடு தண்ணீருக்கு இறங்காமல் அதன் உலோக உறைக்குள்ளேயே தங்கும். உறை வெடித்து உள்ளே ஈரம் புகுந்ததும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகும். அதற்கு முன்பே கீசர் கடகடவென்று சத்தம் போட்டிருக்குமே, கவனித்தீர்களா? தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்திருந்தால் 55-க்கு இறக்குங்கள். சூடு ஏற ஏறப் படிவும் வேகமாகும்.

வருடம் ஒருமுறை சர்வீஸ் செய்தே ஆக வேண்டும். கீசர் லைனின் எம்சிபியை (மின்பெட்டியிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தபடி வால்வு வழியாகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பிறகு காயில் பொருத்தியிருக்கும் மூடியான ஃபிளாஞ்சைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் படிவு இளகும். ஒயர் மாட்டும் முனைகள் மட்டும் நனையக் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுபவரை உடனே நிறுத்துங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்.

கூடவே இருக்கும் மெக்னீசியம் கம்பியை யாரும் கண்டுகொள்வதில்லை. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக இருக்கும் கம்பி அது. பாதிக்குமேல் கரைந்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். அது தீர்ந்த பிறகு தொட்டியின் வெல்டிங் ஓட்டையாகும்; அதற்கு வைத்தியம் கிடையாது. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்த வீட்டில் உப்பு படியாது என்றாலும் இந்தக் கம்பி இன்னும் சீக்கிரம் கரையும்.

கேள்வி: 25 லிட்டர் கீசரில் அரை பக்கெட்தான் சுடுதண்ணீர் வருகிறது. பிறகு வெதுவெதுப்பு.
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: இன்லெட்டையும் அவுட்லெட்டையும் மாற்றி இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குளிர்ந்த நீர் தொட்டியின் அடியில் நுழைய வேண்டும். சுடுநீரை எடுக்கும் குழாய் உள்ளே உச்சிவரை போகிறது. மாற்றிவிட்டால் பச்சைத் தண்ணீர் உச்சியில் கொட்டிச் சூட்டைக் கெடுக்கும். ஆங்கிள் காக்கிலிருந்து வரும் குழாய் நீல வளையத்தில் இருக்க வேண்டும், சிவப்பில் அல்ல. நிற்க வேண்டிய மாடலை இடம் போதவில்லை என்று பரணில் படுக்க வைத்திருந்தாலும் இதே தொல்லைதான்; அதில் காயில் தண்ணீருக்கு வெளியே நின்று எரிந்து போகும் அபாயமும் உண்டு.

கேள்வி: கீசர் பிளக் அடிக்கடி கருகுகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டியிருந்தால் கருகத்தான் செய்யும். 16 ஆம்பியர் சாக்கெட் என்றால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வீட்டின் மின்பெட்டியான டிபியிலிருந்து தனி லைன் இழுங்கள்: 2 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி. 3 கிலோவாட்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம், 20 ஆம்பியர். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கீசரே வேண்டாம். எர்த் இல்லாத பழைய வீடுகளில் நியூட்ரலையே எர்த் பின்னில் முடிந்துவிடும் வழக்கம் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உடல், குழாய், ஷவர் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் சரிசெய்யும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டலாமா? சின்ன ஜன்னல் இருக்கிறது.
– வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. குளிருக்கு அந்த ஜன்னலைச் சாத்தத்தான் போகிறீர்கள். காற்று குறைந்த இடத்தில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிப்பவர் மயங்கி விழும்வரை எதுவும் தெரியாது. கீசரையும் சிலிண்டரையும் வெளிச்சுவரில், திறந்த காற்றில் வைத்து, சுடுநீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். குழாய் சிபிவிசியாக இருக்கட்டும். சாதா பிவிசி சூட்டில் இளகிவிடும்.