பெரியவர்களுக்கு ‘ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?’ என்று வாதக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

வாதக் கட்டுரை என்றால், நம் கருத்தை நம்பாத ஆளும் ‘சரி, யோசிக்கலாம்’ என்று சொல்லும்படி காரணம் காட்டி எழுதுவது. கேரளத்தில் வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட் பக்கம் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், ‘யார் ஜெயிச்சாலும் லயத்துக் கூரை (தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரை) ஒழுகத்தான் செய்யும்’ என்பார்கள், அதை மறுக்காமல் முதல் வரியாகவே எழுதச் சொல்லுங்கள். தன் மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்காதவர் சொல்லும் காரணத்தை யாரும் ஏற்பதில்லை. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் அவர்கள் தயக்கத்தை முதலில் கேட்பது போலத்தான். அப்புறம் ஆதாரம்: 2016 சட்டமன்றத் தேர்தலில் வண்டிப்பெரியாறு அடங்கிய பீர்மேடு தொகுதியில் வெற்றி வித்தியாசம் 314 ஓட்டுதான், சில லயங்களின் ஓட்டைக் கூட்டினாலே அது வந்துவிடும்.

ஆசிரியருக்குப் பிடித்த பக்கம் எழுதினால்தான் நல்ல கட்டுரை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, ஓட்டால் பயனில்லை என்று எழுதுகிறவரும் தக்க காரணம் காட்டினால் அதுவும் நல்ல கட்டுரையே.