வீட்டுக்குள் தோட்ட மருந்து அடிக்கலாமா டொக்டர்?

நீர்வேலியில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மாரி தொடங்கினதில் இருந்து வீட்டுக்குள் எறும்பு, கரப்பான், நுளம்பு என்று ஒரே கரைச்சல். போன கிழமை குளியலறையில் தேளும் கண்டோம். மகனுக்கு மூன்று வயது, இழுப்பு வருகிற பிள்ளை. ஒவ்வொரு இரவும் நுளம்புத்திரி கொளுத்துகிறோம், பின்னேரத்தில் வேப்பிலைப் புகையும் போடுகிறோம். வெங்காயத்துக்கு அடித்த மருந்து அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது, அதைக் கலந்து குசினியிலும் கட்டிலுக்குக் கீழேயும் அடித்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று இவர் சொல்கிறார். அடிக்கலாமா?"

வேண்டாம் தங்கச்சி. தயவுசெய்து அடிக்க வேண்டாம்.

தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வெயிலும் மழையும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும். வீட்டுக்குள் அதெல்லாம் இல்லை, நிலத்திலும் சுவரிலும் அப்படியே கிடக்கும். அந்த நிலத்தில்தான் உங்கள் மகன் உருண்டு விளையாடி, அதே கையை வாயில் வைக்கப் போகிறான். இந்த மருந்துகளில் பல தோலால்கூட உடம்புக்குள் போகும். ஆர்கனோபொஸ்பேட் வகை என்றால் நரம்பு சொல்கிற செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், வாயால் வீணி வடியும், வியர்க்கும், சத்தி, வயிற்றோட்டம் வரும், மூச்சுக்குழாய் சுருங்கிச் சளியால் நிறையும். ஏற்கெனவே இழுப்புள்ள பிள்ளைக்கு அந்தக் கடைசி விஷயம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து எப்படியாவது மேலில் பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு சோப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர், பால் என்று எதையும் பருக்காதீர்கள். 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு, மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான், சத்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினி மூலையில் வைத்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு வந்த பிள்ளைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அந்த மிச்ச மருந்து இப்போது எந்தப் போத்தலில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று இதை வாசித்து முடித்ததும் போய்ப் பாருங்கள்.

சரி, அப்ப பூச்சிக்கு என்ன செய்வது?

முதலில் நுளம்பு. எங்கள் யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடுகிற ஆறு இல்லை, கிணறும் தொட்டியும்தான், அதனால் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் இருக்க முடியாது. டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருதரம் தொட்டியை வெறுமையாக்கி உட்சுவரைத் தேங்காய்ப்பொச்சால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் காணாது, சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த தண்ணீரில் பொரிக்கும். கிணற்றுக்கு வலை போடுங்கள். 2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது, அந்த வருட முடிவிலேயே இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற நுளம்பு இனம் ஒன்றை மன்னாரில் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அதுக்குப் பிடித்த இடம் கிணறும் சீமெந்துத் தொட்டியும். உவர்த்தண்ணீர்தானே என்றும் விட்டுவிடாதீர்கள், டெங்கு நுளம்பின் புழுக்கள் உவர்த்தண்ணீரிலும் வளர்வதை எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கேயே கண்டிருக்கிறார்கள்.

வளவில் சிரட்டை, கோம்பை, ரயர் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுகிற இடங்கள் வேறு: பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, கூரைப் பீலி, மலசலகூடக் குழியின் காற்றுக் குழாய் வாய் (அதுக்கு ஒரு துண்டு வலை கட்டுங்கள்), அப்புறம் எறும்பு ஏறாமல் அலுமாரிக் காலுக்குக் கீழே வைக்கிற தண்ணீர்க் கிண்ணம். எறும்பைத் தடுக்கப் போய் நுளம்பை வளர்க்கிற கிண்ணம் அது. வைப்பதென்றால் சோப்புத் தண்ணீர் வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் கழுவி மாற்றுங்கள்.

நுளம்புத்திரியை இன்று இரவே நிறுத்துங்கள். ஒரு திரி முழுதாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது, அதையும் யன்னலைச் சாத்திவிட்டு அல்லவா கொளுத்துகிறோம். வேப்பிலைப் புகை எங்கள் அம்மம்மா காலத்துப் பழக்கம், எனக்கும் அந்த மணம் பிடிக்கும், ஆனால் சுருங்கிய மூச்சுக்குழாய்க்கு வேப்பிலைப் புகையும் புகைதான். பிள்ளை வெளியே நிற்கும்போது போட்டு, புகை முழுதும் போனபிறகு உள்ளே விடுங்கள், முடிந்தால் போடாமலே விடுங்கள். அவனுக்கு நல்லது நுளம்பு வலை, மெத்தைக்குக் கீழே நன்றாகச் செருகிய வலை. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதனால் மத்தியான நித்திரைக்கும் வலை வேண்டும். காய்ச்சல் வந்தால் நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் மட்டும், வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தம் சோதியுங்கள்.

கரப்பான் அருவருப்பு மட்டும் இல்லை, அதன் எச்சமும் உதிர்ந்த செதிலும் இழுப்பைக் கிளப்பும். இரவு சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் விடாதீர்கள், காஸ் அடுப்பைத் தூக்கிக் கீழே துடையுங்கள், தண்ணீர் போகிற ஓட்டைகளுக்கு வலை மூடி போடுங்கள். ஸ்பிரேக்குப் பதிலாகப் பிள்ளையின் கை எட்டாத வெடிப்புகளில் வைக்கிற பசை மருந்து வாங்கலாம். எறும்புச் சோக்கு வேண்டாம், பிள்ளைக்கு அது எழுதுகிற சோக்குத்தான். உடுப்பு அலுமாரியில் போடுகிற வெள்ளை நப்தலீன் உருண்டையும் வேண்டாம், இனிப்பென்று விழுங்கினால், அதுவும் ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைந்த பிள்ளை என்றால், சிவப்பணுக்கள் உடையும். காதுக்குள் பூச்சி போனால் கிண்டாமல் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வாருங்கள். காதில் ஏற்கெனவே ஓட்டையோ சீழோ இருந்தால் அதுவும் விடாமல் வாருங்கள்.

தேள் கண்டது என்றீர்கள், அதுதான் எனக்குக் கவலை. எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரு வகைத் தேளின் நஞ்சு சின்னப் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும். கொட்டியபின் வியர்த்து, கைகால் குளிர்ந்து, சத்தியும் எடுத்தால் பார்வை பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆசுபத்திரிக்கு வாருங்கள். விறகு, கல், காவோலைக் குவியல் எதுவும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டாம், செருப்பையும் துவாயையும் உதறிவிட்டுப் பாவியுங்கள், கதவின் கீழ் இடைவெளியை ரப்பர் பட்டியால் அடையுங்கள். அதே இடைவெளியால்தான் எலியும் வருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பும். எட்டடி விரியன் நிலத்தில் படுத்திருப்பவரை நித்திரையில் கடிக்கும், நோவும் பெரிதாகத் தெரியாது, ஆகவே மழைக்காலத்தில் பாயை விட்டுக் கட்டிலில் படுங்கள்.

மகனை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, திரி கொளுத்திய இரவுகளில் இருமல் எப்படி, நிறுத்திய பிறகு எப்படி என்று ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க டொக்டருக்கு அது உதவும்.