மைல்களில் ஜப்பான், இருவருக்கு: கேள்விகளும் என் பதில்களும்

நானும் கணவரும் சிங்கப்பூரில் இருக்கிறோம். 2024 பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் ஜப்பான் போய் வந்தோம். விமானப் பயணம் முழுக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களில். மைல் என்றால் விமானத்தில் பறந்தும் கிரெடிட் கார்டில் செலவு செய்தும் சேர்க்கும் புள்ளி, பணத்துக்குப் பதில் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். கையிலிருந்து கட்டியது வரி மட்டும்தான். போகும்போது இரவு விமானத்தில் ஒசாகாவுக்கு பிசினஸ் கிளாஸ், ஆளுக்கு 52,000 மைல். திரும்பும்போது டோக்கியோ ஹனேடாவிலிருந்து பகல் விமானத்தில் எகானமி, ஆளுக்கு 27,000. ஆக மொத்தம் 158,000. இது அன்றைய கணக்கு. இந்த மைல் விலை அட்டவணை அவ்வப்போது ஏறும், அதனால் டிக்கெட் எடுக்கும் நாளில் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, என் கணக்கில் 70,000 கிரிஸ்ஃப்ளையர் மைல், மனைவி கணக்கில் 40,000. இரண்டையும் சேர்த்து எகானமியில் டோக்கியோ போய் வர முடியுமா? (சிங்கப்பூர்)

சேர்க்க முடியாது தம்பி. கிரிஸ்ஃப்ளையரில் கணவன் மனைவியாக இருந்தாலும் கணக்கு தனித்தனிதான். ஆனால் உங்கள் மைலில் மனைவிக்கு டிக்கெட் எடுக்கலாம். அதற்கு முதலில் அவர் பெயரை உங்கள் கணக்கில் பயனாளியாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான் சொன்ன விலைப்படி இருவருக்கும் போக வர 108,000 தேவை. உங்களிடம் மொத்தம் 110,000 இருக்கிறது. கேட்கப் போதும்போலத் தெரிகிறது, ஆனால் போதாது. உங்கள் கணக்கிலிருந்து போகும் டிக்கெட் இரண்டும் எடுத்தால் 54,000 போய் 16,000 மிஞ்சும். மனைவி கணக்கில் திரும்பும் டிக்கெட் ஒன்று எடுத்தால் 13,000 மிஞ்சும். இன்னொரு திரும்பும் டிக்கெட் 27,000. அதற்கு இரண்டு கணக்கிலும் மைல் இல்லை. இன்னும் 11,000 மைலை உங்கள் கணக்கில் ஏற்றினால் கதை முடிந்தது. இனிமேல் வீட்டில் எந்த கிரெடிட் கார்டில் புள்ளி சேர்ந்தாலும் ஒரே கணக்குக்கு மாற்றுங்கள். தம்பதிகள் செய்யும் பெரிய தவறே இப்படிப் பிரித்துச் சேர்ப்பதுதான்.

திரும்பும் டிக்கெட்டுகள் இரண்டு கணக்கிலிருந்து வருவதால் முன்பதிவு எண்ணும் இரண்டாக இருக்கும். இருவரும் ஒன்றாகப் பயணம் செய்வதை விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்லி, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்னையில் இருக்கிறேன் மேடம். கிரெடிட் கார்டு புள்ளிகளைச் சிங்கப்பூர் மைல்களாக மாற்றலாம் என்கிறார்கள். இப்போதே மாற்றி வைத்துவிடட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். முதலில் இருக்கை, அப்புறம்தான் மைல். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

வங்கிப் புள்ளியை மைலாக மாற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. மாற்றிய நாளிலிருந்து மூன்று வருடக் காலாவதிக் கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிடும். புள்ளியாக இருக்கும்வரை அது உங்கள் கையில் இருக்கிறது. வேறொரு நிறுவனத்துக்குக்கூட மாற்றலாம்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இருக்கையைக் கண்டபிறகு மாற்ற ஆரம்பித்தால், புள்ளி வந்து சேர்வதற்குள் இருக்கை போய்விடலாம். எங்களுக்கு அப்படி நடந்தது. 2022-இல் முதல்முறை முயன்றபோது எங்கள் வங்கியிலிருந்து மைல் வந்து சேர நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் பார்த்தால் இரண்டு இருக்கையில் ஒன்றுதான் பாக்கி. ஒருவர் மட்டும் போவதா? அந்த வருடப் பயணமே நின்றுபோனது. கணவர் அன்று ஒன்றும் பேசவில்லை, எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் உங்கள் வங்கியிலிருந்து மாற்ற எத்தனை நாள் ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாட்கணக்கில் ஆகும் என்றால், போகும் மாதத்தை உறுதியாக முடிவு செய்தபின், முன்பதிவு திறப்பதற்குச் சற்று முன்னால் மாற்றுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முன்பதிவு 355 நாளுக்கு முன்பே திறக்கும்.

தேடும்போது இன்னொன்று. எப்போதும் இரண்டு பயணிகள் என்று போட்டே தேடுங்கள். ஒருவர் என்று தேடினால் இருக்கை இருப்பதாகத் தெரியும் நாட்கள் இருவருக்கு இல்லாமல் போகும். சென்னை–டோக்கியோ என்று சேர்த்தும், சென்னை–சிங்கப்பூர், சிங்கப்பூர்–டோக்கியோ என்று பிரித்தும் பாருங்கள். பிரித்து எடுத்தால் நடுவில் போதிய நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது.

அப்படியென்றால் பணம் கட்டிப் போவதா, மைலில் போவதா என்று எப்படி முடிவு செய்வது?

பண டிக்கெட்டின் விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கு நீங்கள் எப்படியும் கட்டப்போகும் வரியைக் கழியுங்கள். மீதியை மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு எகானமி போய் வர 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரி 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 54,000 மைலால் வகுத்தால் மைலுக்கு ஒன்றரை காசு (சென்ட்). மலிவு விற்பனையில் அதே டிக்கெட் 550-க்கு வந்தால் ஒரு காசுகூடத் தேறாது. அப்போது பணம் கட்டிப் போய்விட்டு மைலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிசினஸ் கிளாஸில் இந்தக் கணக்கு மூன்று, நான்கு காசு வரை போகும். ஆனால் நாம் பணம் கட்டி ஒருநாளும் வாங்கமாட்டாத டிக்கெட்டின் விலையை வைத்துப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. நாங்கள் பார்த்தது தூக்கத்தை. ஏழு மணி நேர இரவுப் பயணத்தில் படுத்துத் தூங்கினால் இறங்கிய அன்றே ஊர் சுற்றலாம். பகலில் திரும்பும்போது சினிமா பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வரலாம், அதற்கு எகானமி போதும்.

நாங்கள் டொரோண்டோவில். ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகள் இருக்கின்றன. டோக்கியோ பார்த்துவிட்டு சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் போக ஆசை.

உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல திட்டம். ஏரோபிளானில் ஒருவழி டிக்கெட்டிலேயே 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்து நடுவில் ஓர் ஊரில் தங்கலாம். டொரோண்டோ–டோக்கியோ, சில நாள் அங்கே, பிறகு அதே டிக்கெட்டில் சிங்கப்பூர். ஏர் கனடா விமானத்துக்குப் புள்ளி விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் அதன் கூட்டாளியான ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவன விமானங்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஏரோபிளான் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை நம் தலையில் போடுவதில்லை. ஜப்பான் விமானங்களில் அது கணிசமான தொகை. குடும்பப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் உண்டு, அதை இன்றே செய்துவிடுங்கள். 18 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளி போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அக்கா, கொழும்பில இருந்து கேக்கிறம். ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் புள்ளியை வைச்சு ஜப்பான் விமானத்தில போகலாமோ?

போகலாம். ஸ்ரீலங்கன் 2014 முதல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது, ஜப்பான் ஏர்லைன்ஸும் அதில் உறுப்பினர். ஆனால் உங்களுக்குக் கொழும்பிலிருந்து டோக்கியோவின் நரிடா விமான நிலையத்துக்கு ஸ்ரீலங்கன் நேரடியாகவே பறக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். நரிடா டோக்கியோ நடுப்பகுதியிலிருந்து 60 கிலோமீட்டர் போல. டாக்சி எடுக்க வேண்டாம், கை சுட்டுவிடும். ஸ்கைலைனர் ரயில் டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்கு நாற்பது நிமிடத்தில் கொண்டுபோய் விடும்.

சகுரா (செர்ரி மரப் பூ) பூக்கும் நேரத்தில் இரண்டு இருக்கை எங்கேயும் கிடைக்கவில்லை. மனைவிக்குப் பூ பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் சகுரா மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கும். உலகமே அப்போதுதான் தேடுகிறது. 355 நாளுக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்தால் ஒழிய மைலில் இரண்டு இருக்கை கிடைப்பது கடினம்தான். ஆனால் ஜப்பானில் சகுரா ஒரே நாளில் ஒரே இடத்தில் பூத்து முடிவதில்லை. அது தெற்கிலிருந்து வடக்காக நடந்து போகிறது.

இஸு தீபகற்பத்தில் காவாஸு என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்குள்ள காவாஸு சகுரா பிப்ரவரியிலேயே பூத்துவிடும், மார்ச் தொடக்கம் வரை நிற்கும். நிறம் வழக்கமான சகுராவைவிட அடர்ந்த இளஞ்சிவப்பு. டோக்கியோவிலிருந்து ஒடோரிகோ ரயிலில் இரண்டரை மணி நேரம். நாங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். ஆற்றங்கரை நெடுக மரங்கள், அடியில் மஞ்சள் கடுகுப்பூ. கணவர் அங்கே ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் ஜப்பான் என்றால் எனக்கு அந்த ஆற்றங்கரைதான் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி குளிர் ஒத்துவராது என்றால் வடக்கே ஹிரோசாகி கோட்டைப் பூங்காவைப் பாருங்கள். அங்கே ஏப்ரல் பிற்பாதியில்தான் பூக்கும். ஏப்ரல் 29-இல் பொன்வார விடுமுறை தொடங்கிவிடும், அதற்கு முன்னால் திரும்பிவிடுவது நல்லது. அந்த வாரத்தில் ஜப்பானே பயணத்தில் இருக்கும்.

ஒசாகாவில் இறங்கி டோக்கியோவில் ஏறியது ஏன்? ரயில் பாஸ் வாங்கினீர்களா?

மைல் டிக்கெட்டில் ஒருவழி இரண்டு எடுத்தாலும் விலை அதேதான், அதனால் இறங்கும் ஊரும் ஏறும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டோக்கியோவிலேயே இறங்கி ஏறியிருந்தால் கியோட்டோவரை போய் மறுபடி திரும்ப வேண்டும். ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழி ஏறக்குறைய 14,000 யென், இருவருக்கு 28,000. அதோடு அரை நாளும் போகும்.

பாஸ் வாங்கவில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ போய் வந்தாலே 28,000 போலத்தான் ஆகிறது. ஒரே வாரத்தில் ஹிரோஷிமா, அப்பால் என்று ஓடுகிறவர்களுக்கு மட்டும் அது கட்டுப்படியாகும்.

ஒசாகா, நாரா, கியோட்டோ, டோக்கியோ என்று ஒரே திசையில் போனோம், காவாஸுவுக்கு டோக்கியோவிலிருந்து போய் வந்தோம். நாராவை விட்டுவிடாதீர்கள். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. மைலும் இல்லை, விமானமும் இல்லை, கடல் வழியாக அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அந்தச் சிலைக்கு முன் நின்றபோது அதை நினைத்து எனக்குப் பேச்சே வரவில்லை.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

விமானத்தில் கவலையில்லை. இந்திய சைவ உணவு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், குறைந்தது ஒரு நாள் முன்னால்.

தரையில் கவனம் வேண்டும். காய்கறி மட்டும்தான் போட்டிருக்கிறது என்று தோன்றும் சூப், நூடுல்ஸ் பெரும்பாலானவற்றில் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனில் எடுத்த சாறு. நம்மூர் மாசிக் கருவாடு போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். “நிகு மோ, சகானா மோ, தாஷி மோ தபேமாசென்” என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், மீன்சாறு எதுவும் சாப்பிடமாட்டோம் என்று அர்த்தம். ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற முழுச் சைவ ராமென் நூடுல்ஸ் கடை இருக்கிறது. ஒரு இரவாவது கோயாசான் மலைக் கோயிலில் தங்குங்கள். துறவிகள் சமைக்கும் ஷோஜின் ரியோரி முழுக்கச் சைவம், என் மாமியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்தியப் பாஸ்போர்ட். விசா வருவதற்கு முன்பே டிக்கெட் எடுப்பது ஆபத்தில்லையா?

இங்கேதான் மைல் டிக்கெட் நமக்குக் கைகொடுக்கிறது. நாங்கள் எடுத்த சேவர் என்ற குறைந்த மைல் டிக்கெட் வகையை ரத்து செய்தால் ஆளுக்கு 75 அமெரிக்க டாலர் கட்டணம், மைலும் வரியும் திரும்பிவிடும். மலிவான பண டிக்கெட் பலவற்றில் இது நடக்காது. டிக்கெட் கையில் இருக்கட்டும், விசாவுக்குப் போடுங்கள். ஹோட்டலையும் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள்.

ஓய்வு பெற்றவன் நான். 240,000 மைல் சேர்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்து முதல் வகுப்பில் மனைவியை அழைத்துப் போகலாம் என்று காத்திருக்கிறேன். சரிதானே?

ஐயா, மன்னிக்கவும், காத்திருக்காதீர்கள். நீங்கள் சேர்க்கும் வேகத்தைவிட அட்டவணை ஏறும் வேகம் அதிகமாக இருக்கலாம். ஜப்பானுக்கான பிசினஸ் சேவர் 2022 வரை 47,000-ஆக இருந்தது, அந்த வருடம் 52,000 ஆனது. ஒரே நாளில் நடந்த மாற்றம் அது. உங்களிடம் இருப்பது இருவருக்கும் பிசினஸில் போய் வரவே போதும். அதோடு காலாவதித் தேதியையும் பாருங்கள், பழைய மைல் எந்த மாதம் விழுகிறது என்று கணக்கைத் திறந்தால் தெரியும். கியோட்டோவில் படிக்கட்டு நிறைய. இருவருக்கும் கால் நன்றாக இருக்கும் வருடம் இந்த வருடமாக இருக்கட்டும். இன்று இரவு உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பயணிகள் என்று போட்டுத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. ரயிலில் ஃபுஜி மலை தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? பெரிய சூட்கேஸ் கொண்டு போகலாமா?

ஷிங்கான்சென் சாதாரண வகுப்பில் ‘ஈ’ (E) என்ற ஜன்னலோர இருக்கை வரிசை. எந்தத் திசையில் போனாலும் அந்த வரிசைதான் மலைப் பக்கம். கியோட்டோவிலிருந்து வந்தால் இடதுபுறம், டோக்கியோ சேர முக்கால் மணி நேரம் இருக்கும்போது தெரியும். குளிர்காலக் காலை என்றால் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால், பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பெட்டிகளை ஹோட்டலிலிருந்து டக்கியூபின் கூரியரில் அனுப்பிவிட்டோம். மறுநாள் டோக்கியோ அறையில் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தன.