பாய்மரப் படகில் ஏற எந்தப் படி? கேள்வி பதில்

கேள்வி: 30 அடிப் படகு. மிதவை மேடையிலிருந்து டெக் (படகின் மேல்தளம்) சரியாக 1 மீட்டர் உயரம். அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. இரண்டு படிப் பெட்டி போதுமா?

பதில்: போதாது. அது 45 செ.மீ. வரைதான் தூக்கிவிடும். மிச்சம் 55 செ.மீ.யை அம்மா ஒரே எட்டில் ஏற வேண்டும். மூட்டுவலிக்கு ஒரு படி 20 செ.மீ.தான் கணக்கு. நாலு படி செய்தால் 80 செ.மீ., ஐந்தாவது எட்டு டெக்கில். படிகளைப் படகைப் பார்த்தபடி வைக்காமல் அதன் பக்கவாட்டுக்கு இணையாக வையுங்கள், மேடையில் வழி அடைபடாது. மேல்படி மட்டும் 40 செ.மீ. ஆழம் இருக்கட்டும், நின்று திரும்ப இடம் வேண்டுமே. அடியில் ரப்பர் ஒட்டி, காற்றில் நகராதபடி மேடையோடு கட்டிவிடுங்கள்.

படியைவிட முதலில் கைப்பிடியைப் பாருங்கள். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பியை ஒட்டிப் பெட்டி இருக்க வேண்டும். படகு அகலமாக இருப்பதும் அந்த நடுப்பகுதிதான், இடைவெளி அங்கே குறைவு. டெக் ஓரத்தில் வேலிபோல ஓடும் லைஃப்லைன் கம்பியைப் பிடித்து ஏறவே கூடாது. பாரம் விழுந்ததும் அது தொய்யும், ஆள் பின்னால் சாய்வார்.

கேள்வி: படிக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: ஈரத்தில் வழுக்கும். பெயின்ட் அடித்து, ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு.

கேள்வி: ஃபெண்டர் படி (படகின் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் மெத்தைப் படி) வாங்கி, லைஃப்லைனைத் தாங்கும் ஸ்டான்ஷன் கம்பத்தில் கட்டினேன். கால் வைத்தால் உருள்கிறது, ஸ்டான்ஷனும் ஆடுகிறது.

பதில்: உருள்வதற்குக் காரணம் ஒற்றைக் கயிறு. இரண்டு முனையிலும் தனித்தனிக் கயிறு போட்டு, இடைவெளி விட்டு, படகின் நடுவே கயிறு கட்டும் கொக்கியான கிளீட்டிலும், டெக் விளிம்பில் துளையிட்ட அலுமினியப் பட்டை இருந்தால் அதிலும் கட்டுங்கள். ஸ்டான்ஷன் 60 செ.மீ. உயர நெம்புகோல் மாதிரி. மேலே இழுக்க இழுக்க அடித்தகடு தளரும், போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி டெக்குக்குள் இருக்கும் பால்சா மரம் ஊறிவிடும். இப்போதே ஆடுகிறதென்றால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். துளையில் கறுத்த தூள் வந்தால் உள்ளே மக்கிவிட்டது. மக்கியதைச் சுரண்டி, உலரவிட்டு, எபாக்ஸி பசை நிரப்பி, மறுபடி துளையிட்டு, கீழே பெரிய தகடு வைத்து முறுக்க வேண்டும்.

கேள்வி: நிலையான ஜெட்டியில் (மிதக்காத படகுத்துறையில்) பெட்டி சரிவருமா?

பதில்: கடல்மட்டத்தின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. சென்னையில் சுமார் 1 மீட்டர், சிங்கப்பூரில் 3 மீட்டர் வரை போகும். காலையில் பொருந்திய பெட்டி மாலையில் உதவாது. ஜெட்டிச் சுவரிலேயே நிரந்தர ஏணி இருப்பதே சரி.

கேள்வி: தண்ணீரில் விழுந்தவர் ஏறக் கயிற்றேணி போதுமா?

பதில்: அவசரத்துக்கு மட்டும். கால் வைத்ததும் ஏணி படகின் அடிவளைவுக்குள் போய்விடும், ஏறுபவர் மல்லாந்து தொங்குவார். பின்பக்கம் மடிக்கும் எஃகு ஏணி போடுங்கள். கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே 30 செ.மீ.யாவது, முடிந்தால் 60 செ.மீ. இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலை நெஞ்சுவரை தூக்கி, நனைந்த உடுப்போடு கைபலத்திலேயே எழ வேண்டும். உருண்டைக் குழாய் வெறுங்காலை அறுக்கும், தட்டையான படி கேளுங்கள். ஏணியை இறக்குமுன் என்ஜினை நிறுத்துங்கள். ஏணி மடக்கிக் கட்டியே இருக்குமல்லவா, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, அதன் வாலை நீர்மட்டம் வரை தொங்கவிடுங்கள். படகில் வேறு யாரும் இல்லாதபோது விழுந்தவரே கீழிருந்து இழுத்துக்கொள்ளலாம்.