பஞ்சத்தில் எழுந்த அரண்மனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனை பற்றிய உங்கள் பயணக் கட்டுரையைப் படித்தேன். மகாராணி ஸ்வீட் என்ற ஆடம்பர அறைத் தொகுதியில் ஒரே இளஞ்சிவப்புப் பளிங்குக் கல்லைக் குடைந்து செய்த குளியல் தொட்டியைப் பற்றி அத்தனை ரசித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஒரு ராத்திரிக்கு லட்சக்கணக்கில் வாடகை. பஞ்சத்தில் கட்டியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். சோற்றுக்கு இல்லாதவனை வைத்து அரண்மனை கட்டுவதும், இன்றைக்குக் கோடீஸ்வரர்கள் அதில் வந்து படுப்பதும் உங்களுக்கு அருவருப்பாக இல்லையா?

என் அப்பா கொத்தனார். மலையில் ஒரு பெரிய ஓட்டல் கட்டியபோது ஒன்றரை வருஷம் தகரக் கொட்டகையில் தங்கி வேலை பார்த்தார். திறந்த பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆசைப்பட்டார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போனதில்லை.

மு., திருப்பூர்

அன்புள்ள மு.,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு என் கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தேன். நீங்கள் சொல்வது சரி. தொட்டிக்கு ஒரு பத்தி கொடுத்த நான் பஞ்சத்துக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறேன். விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆனால் 'அருவருப்பு' என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜோத்பூர் இருக்கும் மார்வார், பாலையை ஒட்டிய பூமி. மழை பொய்ப்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பயம். விக்ரம ஆண்டு 1956இல், அதாவது 1899-1900இல் வந்த பஞ்சத்துக்கு அந்த ஆண்டின் எண்ணையே பெயராக வைத்து 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறு, என்கிறார்கள். நம் ஊரில் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னதைப் போல. 1920களின் கடைசியில் மறுபடி வறட்சி. மகாராஜா உமைத் சிங் 1929இல் இந்த அரண்மனைக்கு அடிக்கல் நாட்டினார். வேலை 1943 வரை நடந்தது. இரண்டாயிரம், மூவாயிரம் பேருக்கு அதில்தான் பிழைப்பு.

பஞ்ச காலத்தில் வேலை கொடுத்துக் கூலி தருவது அப்போது வழக்கமான முறை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் அப்படி வெட்டியதுதான். அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நிர்ணயித்த கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற உடம்புக்கு அது எந்த மூலைக்கு? அதனால் 'நிவாரண வேலை' என்று யாராவது சொன்னால் நான் உடனே கருணை என்று எடுத்துக்கொள்வதில்லை. என்ன கூலி, எத்தனை மணி நேரம், அடிபட்டால் யார் பார்த்தார்கள் என்று கேட்டாக வேண்டும். உமைத் பவன் அருங்காட்சியகத்தில் கடிகாரங்கள் இருக்கின்றன, பீங்கான் பாத்திரங்கள் இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அரண்மனைக்குப் பதில் ஏரி வெட்டியிருக்கலாமே என்றும் கேட்கலாம். உமைத் சிங் நீருக்கும் செய்தார். உமைத் சாகர் என்ற நீர்த்தேக்கம் 1933இல் வந்தது. ஜவாய் அணையை 1946இல் தொடங்கினார். அது முடிய 1957 ஆயிற்று. ஆனால் வரிசையைப் பாருங்கள். 347 அறைகள் கொண்ட வீடு முதலில், பெரிய அணை பிறகு. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொத்தனார் மகனான உங்களுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும்.

அறை எடுத்துத் தங்காதவர்களுக்கு அங்கே அருங்காட்சியகம் மட்டும்தான். ஸ்வீட்டுக்குள் நான் போகவில்லை. அதை அச்சில் வந்த படங்களிலும் குறிப்புகளிலும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மஞ்சளும் பழுப்பும் கலந்த மணற்கல். இரண்டு கல் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் இறங்கவில்லை. சாந்து கிடையாது. ஒரு கல்லில் துருத்தலும் அடுத்ததில் பள்ளமுமாகச் செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டி அடுக்கியிருக்கிறார்கள். கல் கொண்டுவரத் தனி ரயில் பாதையே போட்டார்கள். பெரிய கல்லை ஏற்றும்போது கீழே பனிக்கட்டியை வைத்து, அது உருக உருகக் கல் தானாக இடத்தில் உட்காரும்படி செய்தார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அப்படித்தான் நடந்ததா என்பது இருக்கட்டும், அந்த இணைப்பைத் தொட்டவனுக்கு அதை நம்பத் தோன்றும். பசியோடு வந்த ஜனங்களில் யாரோ ஒருவர் உளி பிடித்து அந்த விளிம்பைச் சீவியிருக்கிறார். அந்த வேலையைப் பார்த்துவிட்டு அருவருப்பு என்று என்னால் எழுத முடியாது.

எல்லா ஆடம்பர அறையும் என்னை இப்படி நிறுத்துவதில்லை. ஜெனீவாவில் பிரசிடென்ட் வில்சன் ஓட்டலின் எட்டாவது மாடி முழுவதும் ஒரே ஸ்வீட். 12 படுக்கையறை, ஸ்டைன்வே பியானோ, குண்டு துளைக்காத ஜன்னல் கண்ணாடி. அங்கே காசு வாங்கிக்கொண்டு தருவது, வெளியே இருக்கிற எதுவும் உங்களைத் தொடாது என்ற உறுதி. எழுத எனக்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

உமைத் பவன் அறைகளில் ஓர் அகதியின் கை இருக்கிறது. லண்டனிலிருந்து வரவேண்டிய மரச்சாமான்கள் போரில் கப்பலோடு மூழ்கிப் போயின. அப்போது உள்ளலங்காரப் பொறுப்பு ஸ்டெஃபான் நோர்ப்ளின் என்ற போலந்து ஓவியரிடம் வந்தது. 1939இல் நாட்டை ஹிட்லர் பிடித்தபோது மனைவியோடு தப்பி, பல நாடு சுற்றி இந்தியா வந்தவர். ராமாயணக் காட்சிகளை அவர் அந்தச் சுவர்களில் தீட்டினார். தனக்கு வீடில்லாத ஒருவர் ராஜாவின் வீட்டுக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அமெரிக்கா போனார். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வெகுகாலம் கழித்து போலந்திலிருந்து நிபுணர்கள் வந்து அந்த ஓவியங்களைச் சீர்செய்தார்கள்.

ராஜாவும் அதில் அதிக நாள் வாழவில்லை, 1947இல் இறந்துபோனார். மகன் ஹன்வந்த் சிங் 1952இல் விமான விபத்தில் போனார். முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியம் 1971இல் நின்றது. அந்தப் பத்தாண்டிலேயே அரண்மனையின் ஒரு பகுதி ஓட்டலானது. ஒரு பகுதியில் அரச குடும்பம் இன்றும் இருக்கிறது.

நோர்ப்ளின் பெயர் நமக்குத் தெரியும். வரைபடம் போட்ட லாஞ்செஸ்டர் பெயரும் தெரியும். உளி பிடித்தவர் பெயர் தெரியாது. பதினான்கு வருஷம் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள். கூலிப் பட்டியல் எழுதாமல் அது நடந்திருக்காது. அந்த ஏடுகளில் எது மிஞ்சியிருந்தாலும் அதை எடுத்து, கிடைக்கிற பெயர்களை நுழைவாயிலில் கல்லில் வெட்ட வேண்டும். மகாராணி ஸ்வீட்டில் தங்க வருகிறவர் அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் உள்ளே போகட்டும். வருஷத்தில் ஒரு நாளாவது, கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சீட்டில்லாமல் எல்லா அறையையும் திறந்துவிட வேண்டும். அந்த ஓட்டலுக்கு இதை ஒரு கடிதமாகவே எழுதப்போகிறேன்.

உங்கள் அப்பாவை கேட்டில் நிறுத்திய அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. அப்பாவிடம் கேளுங்கள்: அந்த ஓட்டலில் அவர் எழுப்பியது எந்தச் சுவர், கல் எங்கிருந்து வந்தது, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார், சித்தாள்கள் எந்த ஊர்க்காரர்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். அவருக்குச் சம்மதமென்றால் எல்லாருடைய பெயரையும் ஊரையும் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.